நாடகப் பாடம் வேறு, போட்டி நாடகம் வேறு

தமிழ்மொழித் தினப் போட்டிக்கான அறிவித்தல் வந்த கிழமையோடு இலங்கையில் பல பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் பாடம் நின்றுபோகிறது. குரலும் துணிச்சலும் உள்ள எட்டுப் பேர் மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். மிச்சப் பேர் வகுப்பில் இருந்து அரங்க வரலாறு குறிப்பெழுதுவார்கள். கேடயம் கிடைத்தால் அதிபருக்கும் பெற்றோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பதினோராம் தரத்தின் முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் செய்முறை நாளில் அந்த மிச்சப் பேர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பார்கள். போட்டிக்கான ஒத்திகை பாடசாலை விட்ட பிறகு நடக்கட்டும். பாடவேளை வகுப்பில் உள்ள அத்தனை பேருக்கும் உரியது.

தவணைக்கு 12 கிழமை, கிழமைக்கு மூன்று பாடவேளை என்று கணக்குப் போட்டால் 36 வரும். அதை நம்பித் திட்டம் எழுதக் கூடாது. முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி, எந்தத் தவணையிலும் பரீட்சை, இடையில் விடுமுறை. 24 பாடவேளைக்கு எழுதுங்கள். மிஞ்சினால் ஒத்திகைக்கு உதவும். எழுதும்போது கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். 36 பிள்ளைகள் என்றால் ஆறு பேர் கொண்ட ஆறு குழு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிட ஆற்றுகை, அதாவது பார்ப்போர் முன் நடித்துக் காட்டுவது. ஆற்றுகைக்கே 30 நிமிடம். குழு மாற இரண்டிரண்டு நிமிடம் என்றால் 40 நிமிடப் பாடவேளை தீர்ந்துவிடும், பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேச நேரம் இராது. எனவே மூன்று குழுக்களாக இரண்டு நாள். ஐந்து நிமிட ஆற்றுகைக்கு எட்டுப் பாடவேளையாவது வேண்டும்: கதையைத் தேடிப் புத்தாக்கமாக (எழுதி வைக்காமல் அந்தந்தக் கணத்தில்) நடித்துப் பார்க்க இரண்டு, எழுத்துரு (நாடகப் பிரதி) ஆக்க ஒன்று, அசைவும் நிலையும் ஒழுங்குபடுத்த மூன்று, வேடஉடையும் இசையும் சேர்க்க ஒன்று, முழு ஒத்திகை ஒன்று. எழுத்துருவை முதல் நாளே கையில் கொடுத்தால் பிள்ளை தாளைப் பார்த்து ஒப்புவிக்கும்; அந்தப் பழக்கம் பிறகு இலேசில் போகாது.

ஒரு பாடவேளையில் மேசை கதிரை ஒதுக்கவே ஐந்து நிமிடம் போகும். பிறகு அரங்க விளையாட்டு ஆறு, மூச்சும் குரலும் நான்கு, குழுவேலை பன்னிரண்டு, செய்ததைக் காட்டுவது எட்டு, கடைசி ஐந்து நிமிடம் வட்டமாக நின்று பேசிக் கலைவதற்கு. விளையாட்டு அன்றைய பாடத்துக்கு வேலை செய்ய வேண்டும். கண்ணாடி விளையாட்டு நல்ல உதாரணம்: இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் செய்யும் அசைவை மற்றவர் கண்ணாடி போலச் செய்வது. எதிரே நிற்பவரை ஏமாற்றும் வேகத்தில் ஒருவர் கையை வீசினால் அது வெறும் பம்பல். யார் நடத்துகிறார், யார் பின்பற்றுகிறார் என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது என்ற ஒரே விதியைப் போடுங்கள். வேகம் தானாகக் குறையும், கவனம் வரும்.

முதல் மூன்று கிழமைக்கு வசனம் வேண்டாம். கதையை மூன்று உறைநிலைக் காட்சிகளாக, சிலை போல அசையாமல் நின்று, காட்டச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எட்டுத் தாளத்துக்குள் போக வேண்டும். பேச விட்டால் எல்லாரும் நேர்கோட்டில் நின்று சண்டை போடுவார்கள். வாய் அடைபட்டால்தான் உயரம், இடைவெளி, பார்க்கும் திசை எல்லாம் கண்ணில் படும்.

ஒத்திகை ஒழுங்குக்கு மாதிரியை வெளியே தேட வேண்டியதில்லை. மட்டக்களப்புக் கூத்தில் சட்டம் கொடுத்தல் (ஆளுக்குரிய பாத்திரத்தின் ஏட்டைக் கொடுப்பது), ஆட்டம் பழக்குதல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் (முழு ஒத்திகை), அரங்கேற்றம் என்று படிப்படியாக ஒரு முறை இருக்கிறது. சதங்கை அணியும் நாள் வரும்போது ஆட்டம் காலில் இருந்தாக வேண்டும். வகுப்பிலும் அப்படி ஒரு நடுநாளைக் குறித்து, அன்றிலிருந்து எழுத்துருத் தாளைக் கையில் எடுக்கக் கூடாது என்று வையுங்கள்.

வரலாற்றையும் உடம்பால் படிப்பிக்கலாம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார் என்பதைப் பிள்ளைகள் ஆண்டோடு பாடமாக்கி வைத்திருப்பார்கள். அதனால் என்ன மாறியது என்று கேட்டால் மௌனம். தரையில் 12 அடி விட்டத்தில் சோக்கால் வட்டம் கீறி, சுற்றிவர வகுப்பை இருத்தி, ஒரு வரவை, அதாவது ஒரு பாத்திரம் களரிக்குள் வரும் ஆட்டத்தை, ஆடச் சொல்லுங்கள். பிறகு எல்லாரையும் ஒரே பக்கத்துக்கு மாற்றி அதே வரவை ஆடட்டும். முதுகு காட்டுவது எப்போது குறையாகிறது, வட்டமாக ஆடியது ஏன் அரைவட்டமாக விரிகிறது என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். வட்டக்களரிக்கும் படச்சட்ட மேடைக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு பக்கக் குறிப்பில் எழுதினாலும் இவ்வளவு ஏறாது.

கவனிக்காமல் விடப்படும் மூன்று விடயங்கள் உண்டு. பதின்ம வயதில் பல ஆண்பிள்ளைகளுக்கு மகரக்கட்டு உடைகிறது, அதாவது குரல் மாறுகிறது. அரசன் வேடமென்று அடிக்குரலில் கத்த வைத்தால் தொண்டை கட்டும். நோகிறதென்றால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு அசைவு மட்டும் போதும். இரண்டாவது ஒப்பனை. அரிதாரம் என்ற சொல்லில் ஒரு மரபு இருக்கிறது, ஆனால் அந்தப் பெயருக்குரிய மஞ்சள் கனிமம் நச்சுப்பொருளான ஆர்சனிக் சேர்ந்தது. பிள்ளையின் தோலில் பூசக் கூடாது. கடையில் வாங்கிய ஒப்பனைப் பொருளையும் முதல் நாளே முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசிப் பாருங்கள்.

மூன்றாவதுதான் கனமானது. ‘உன் வாழ்க்கையில் நடந்த சோகத்தை நடி’ என்று எங்கள் வகுப்புகளில் கேட்கவே கூடாது. போரிலோ 2004 ஆழிப்பேரலையிலோ ஆளைப் பறிகொடுத்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இருப்பார்கள். யாரென்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும் என்றும் இல்லை. கதை இன்னொருவருடையதாக, வேறு பெயரோடு இருக்கட்டும். அழும் பிள்ளையை ‘நல்ல நடிப்பு’ என்று பாராட்டுவதைப் போல ஆபத்தான பழக்கம் வேறில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் வேடஉடையைக் கழற்றி வைத்து, ஒவ்வொருவரும் வட்டத்திலிருந்து ஓரடி பின்னே வந்து தன் சொந்தப் பெயரைச் சொல்லட்டும்.

வகுப்பில் கொடுக்கும் புள்ளியில் ஆற்றுகைக்கு 30-க்கு மேல் வேண்டாம். பயிற்சியில் பங்கெடுத்ததற்கு 40, மேடைக்குப் பின்வேலைக்கு 20, கிழமைக்கு அரைப்பக்கம் எழுதும் நாடகக் கொப்பிக்கு 10. மத்தளம் அடித்தவரும் திரை இழுத்தவரும் எந்த நிமிடத்தில் என்ன செய்தார்கள் என்பதை அந்தக் கொப்பியிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். புள்ளி போடும்போது நினைவில் தேட வேண்டியிராது.