திமிங்கிலத்துக்கு ஏது மக்கள்தொகை?

"திமிங்கில மக்கள்தொகைக் கணக்கெடுப்பு." டர்பனில் இந்தக் குளிர்காலத்தில் இதை நான்காம் முறையாகக் கேட்டுவிட்டேன். கடைசியாகச் சொன்னது ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளை; கைபேசி மொழிபெயர்த்துக் கொடுத்ததை அப்படியே வாசித்தாள். அவளை என்ன சொல்ல? அச்சடித்த துண்டறிக்கையிலும் அதுதானே இருந்தது.

பாப்புலேஷன் என்பதன் வேர் மக்களைக் குறிக்கும் இலத்தீன் சொல். ஆங்கிலத்தில் அந்த வேர் மறந்துபோயிற்று, விலங்குக்கும் பொருந்திவிட்டது. தமிழில் மறக்க வழியில்லை. 'மக்கள்' முன்னாலேயே நிற்கிறது. மாவையும் மாக்களையும் ஐயறிவில் நிறுத்தி, 'மக்கள் தாமே ஆறறி வுயிரே' என்று தொல்காப்பியம் பிரித்து வைத்ததை ஒரு துண்டறிக்கை கலக்கிவிட்டது.

குடித்தொகை இலங்கை வழக்கு, குடியும் மனிதர்தான். இனத்தொகை என்றால் உலகிலுள்ள அந்த இனம் முழுவதும் அடங்கிவிடும்; ஒரு கரைக்கு வருவதை மட்டும் குறிக்க முடியாது.

நண்பர்கள் விடாமல் பிடித்திருப்பது 'எண்ணிக்கை'. எளிய சொல்தான், ஆனால் எண்ணிக்கை என்பது எண்ணிக் கண்டது மட்டும். தென்னாப்பிரிக்காவின் கேப் கரைக்குக் குளிர்காலத்தில் கன்றீன வரும் ரைட் என்ற வகைத் திமிங்கிலங்களை 1969 முதல் வானிலிருந்து கணக்கெடுக்கிறார்கள். நேச்சர்ஸ் வேலியிலிருந்து மியூசன்பர்க் வரை ஹெலிகாப்டர் கரையோரமாகவே போகும். 1979 முதல் தலையில் தோல் தடித்த காய்ப்புகளைப் படமெடுத்து ஒவ்வொரு திமிங்கிலத்தையும் இன்னதென்று அடையாளம் காண்கிறார்கள். கண்ணில் பட்டவை எண்ணிக்கை. அந்த நேரம் மூழ்கியிருந்தது அதில் வராது. ஒரு தாய் கன்றீனுவதோ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, சில சமயம் அதற்கும் மேல். இந்த ஆண்டு வராத தாயும் உயிரோடுதான் இருக்கிறாள். அவளையும் சேர்த்துக் கணிப்பது தொகை. எண்ணிக்கையிலிருந்துதான் தொகையைக் கணிக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அந்த வாக்கியத்தை எழுதுவது எப்படி?

எனக்குத் தூய்மைப் பித்து கிடையாது. திமிங்கிலமே வடசொல், 'திமி' என்ற மீனை விழுங்குவது என்று பொருள், இருந்துவிட்டுப் போகட்டும். ஓங்கில் என்று நல்ல சொல் இருக்க டால்பின் என்று எழுதுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொருளைப் பாராமல் அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளரைத்தான் பொறுக்க முடியவில்லை. பிளஃப் கரையில் 1975 வரை திமிங்கிலம் அறுத்த ஊர் இது. அப்போதும் விமானத்தில் பறந்துதான் தேடினார்கள். மக்கள் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே திமிங்கிலத் தொகை. பணத்தொகை போல் கேட்கிறதே என்றாள் அந்தப் பிள்ளை. எட்டுத்தொகையில் எத்தனை ராண்ட் இருக்கிறது என்று கேட்டேன், சிரித்தாள். அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வந்தாள்: 'திமிங்கில தொகை'. த் மட்டும் விட்டுப்போயிற்று.