வார்னிஷ் ஏன் உரிகிறது?

வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் சில வருடம் கிடந்த சின்னப் பாய்மரப் படகின் சுக்கான் பிடியைப் பாருங்கள். ஓரிடத்தில் சாம்பல் நிறம், ஓரிடத்தில் கறுப்புத் திட்டு, மற்ற இடமெல்லாம் செதில் செதிலாகக் கிளம்பிய வார்னிஷ். 'மட்டமான சரக்கு' என்று டப்பாவின் மேல் பழி போடுவதுதான் வழக்கம். ஆனால் ஒரு செதிலைப் பெயர்த்துத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் மெல்லிய மர நார்கள் ஒட்டிக்கொண்டு வந்திருப்பது பல சமயம் தெரியும். வார்னிஷ் தன் பிடியை விடவில்லை. நார்கள்தான் மரத்தை விட்டு வந்துவிட்டன.

மரத்தில் ஏறக்குறைய பாதி செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். அந்த நார்களை, செங்கற்களுக்கு இடையிலான சிமென்ட் கலவை போல, பிடித்து வைத்திருப்பது லிக்னின். இதுவும் ஏறத்தாழ கால் பங்கு இருக்கும். புற ஊதாக் கதிரை லிக்னின் நன்றாக உறிஞ்சும், செல்லுலோஸ் அவ்வளவாக உறிஞ்சாது. அதனால் வெயிலில் முதலில் சிதைவது லிக்னின்தான். சிதைந்த துண்டுகள் தண்ணீரில் கரைந்து மழையோடு போய்விடும். மிஞ்சுவது வெளிறிப்போன, பிடிமானம் இல்லாத நார்கள். அதில் கரும்பூஞ்சையும் குடியேறினால் சாம்பல் நிறம் வந்துவிடும்.

இதில் ஆறுதல் ஒன்று உண்டு. புற ஊதாக் கதிர் மரத்துக்குள் இறங்கும் ஆழம் 0.1 மில்லிமீட்டர்கூட இல்லை. பார்க்கப் பாழடைந்த கட்டைக்குள்ளும் பெரும்பாலும் நல்ல மரம் அப்படியே இருக்கும்.

பெயின்ட் என்றால் அதிலுள்ள நிறமி ஒளியை மறித்துவிடும். வார்னிஷோ மரத்தின் அழகு தெரிய வேண்டும் என்று தெளிவாகச் செய்யப்படுவது. ஒளி உள்ளே போகத்தான் செய்யும். அதற்காகப் படகு வார்னிஷில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவையும் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும். அப்புறம் அடியில் லிக்னின் சிதையத் தொடங்கும். இதற்கிடையே ஈரம் பட்டால் மரம் குறுக்குவாட்டில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இந்த அசைவுக்கு ஈடுகொடுக்கத்தான் படகு வார்னிஷில் எண்ணெய் அதிகம். அறைகலன்களுக்கான கெட்டி வார்னிஷை வெளியில் அடித்தால் சீக்கிரம் வெடித்துவிடும்.

சரி, புதுப்பிப்பது எப்படி? சாம்பல் அடுக்கின் மேலேயே அடிக்கும் வார்னிஷ், உதிரத் தயாராக இருக்கும் நார்களைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆகவே பழையதைச் சுரண்டிவிட்டு, 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். மரத்தின் இயல்பான நிறம் எங்கும் ஒரே சீராகத் தெரிந்தால் போதும். ஒட்டுப்பலகையாக இருந்தால் மேல்தகடு மிக மெல்லியது. அங்கே கை அடக்கம் தேவை.

திருகாணிகளைச் சுற்றியுள்ள கறுப்பு பல சமயம் பூஞ்சை அல்ல. இரும்பும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உண்டாகும் கறை அது, தேய்த்துத் தேய்த்தாலும் போகாது. ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் இரும்பைத் தன்னோடு பிணைத்துக் கரைத்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு வெளுப்பது வேடிக்கையாக இருக்கும். நச்சுப் பொருள் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அவசியம். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் அடுத்த வேலை.

தேக்கில் இன்னொரு சிக்கல். அதைப் பூச்சியிடமிருந்து காக்கும் இயற்கைப் பொருள்களே வார்னிஷ் ஒட்டுவதையும் காய்வதையும் கெடுக்கும். அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே முதல் கோட் அடிப்பது நல்லது.

முதல் கோட்டில் தின்னர் தாராளமாகக் கலந்தால் வார்னிஷ் உள்ளே இறங்கும். மரத்தை வெட்டிய முனைகளுக்குக் கூடுதல் கோட் கொடுங்கள். மற்றப் பக்கங்களைவிட அங்கேதான் தண்ணீர் பல மடங்கு வேகமாக ஏறும். அப்புறம் ஒவ்வொன்றும் காய்ந்தபின் லேசாகத் தேய்த்து, ஆறு கோட்டாவது மெல்லியதாக அடிக்க வேண்டும். ஒரே கோட்டில் கனமாக அடித்தால் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுக்கும். உச்சி வெயில் வேண்டாம், பனி இறங்கும் நேரமும் வேண்டாம்.

பளபளப்பு மங்கத் தொடங்கியதும், உரியும்வரை காத்திருக்காமல், 320ஆம் எண் தாளால் மேலாகத் தேய்த்து ஒன்றிரண்டு கோட் அடித்துவிடுங்கள். இது அரைநாள் வேலை. விட்டால் மறுபடியும் சுரண்டலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.