மாஸ்டர் யாருக்குச் சொந்தம்?

சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பாடகர் ஆல்பம் போடுகிறார் என்றால் பெரும்பாலும் அது இரண்டு பேர் உழைப்பு: பாடுபவர், இசையைக் கோத்துப் பதிவுசெய்து தரும் புரொடியூசர். வேலை முடிந்து வந்து, ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து, டெமோவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, மெட்டை மாற்றி, பல்லவியைத் திருத்தி மாதக்கணக்கில் உருவாக்குகிறார்கள். அந்த நெருக்கம் இல்லாமல் நல்ல ஆல்பம் வராது. ஆனால் பதிப்புரிமை வழக்கறிஞராக நான் பார்த்தவரை, எதையும் எழுதி வைக்காமல் விடுவதும் அந்த நெருக்கத்தால்தான்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரிகளும் மெட்டும் ஒன்று. அதைப் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், இன்னொன்று.

“காசு கொடுத்தது நான்தானே, மாஸ்டர் எனக்குத்தானே?” என்று பாடகர்கள் கேட்கிறார்கள். முன்பு அப்படித்தான். 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம் அதை மாற்றிவிட்டது. நீங்கள் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன ஒலிப்பதிவாக இருந்தாலும், வேறு உடன்பாடு இல்லையென்றால் அதை உருவாக்கியவருக்கே முதல் உரிமை. அந்த உரிமை உங்கள் கைக்கு மாற வேண்டுமானால் எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த “சரி அண்ணே”யை நம்பி ஆல்பம் வெளியிடாதீர்கள். வெளியான ஒலிப்பதிவின் உரிமை 70 ஆண்டு நீடிக்கும்.

புரொடியூசரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. அவர்களும் இழக்கிறார்கள். பாட்டைக் கேட்டதும் எல்லாரும் முணுமுணுக்கும் அந்த ஹம்மிங், புரொடியூசர் கீபோர்டில் கண்டுபிடித்ததாக இருக்கும். பதிவில் இசை என்று பாடகர் பெயர் மட்டும் நிற்கும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் காம்பஸ் அமைப்பில் பாட்டைப் பதியும்போது, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று சொல்ல வேண்டும். ஆளுக்கொரு கணக்கு சொன்னால், ஒலி 96.8இல் பாட்டு ஓடினாலும் பணம் சிக்கலில் மாட்டும்.

ஒவ்வொரு பாட்டும் முடிகிற அன்றே ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வரிகளில், மெட்டில் யாருக்கு எவ்வளவு, மாஸ்டர் யாருக்கு, ஸ்ட்ரீமிங் பணம் யார் கணக்கில் விழுந்து எப்படிப் பிரியும், அவ்வளவு போதும். வெளியீட்டுக்குப் பிறகு பேசலாம் என்றால், எந்தப் பாட்டு ஓடியது, எது ஓடவில்லை என்று தெரிந்துவிடும். அப்புறம் நியாயமாகப் பேசுவது யாருக்குமே கஷ்டம்.

ஸ்டெம்ஸ், அதாவது குரல், தாளம், கீபோர்டு என்று தனித்தனியாகப் பிரித்த ஒலிக்கோப்புகள், யாரிடம் இருக்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். தீபாவளி நிகழ்ச்சிக்குக் குரல் நீக்கிய இசை (மைனஸ் ஒன்) வேண்டும் என்று கடைசி நேரத்தில் அலைவது பாடகர்தான்.

இன்னொன்று: பாட்டைப் பொதுவில் பயன்படுத்தும்போது பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற உரிமையை இதே சட்டம் எழுதியவர்களுக்கும் நிகழ்த்தியவர்களுக்கும் தந்திருக்கிறது. ஒரே ஒரு பாட்டுக்கு மிருதங்கம் வாசித்துவிட்டுப் போனவருக்கும் அது உண்டு. ஸ்பாட்டிஃபையில் ஏற்றும்போது அவர் பெயரையும் சேருங்கள்.