சறுக்குக்கும் ஊஞ்சலுக்கும் கீழே கல் பதிக்காதீர்கள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் எலும்பு முறிவுப் பிரிவில் குழந்தைகளின் முழங்கைகள் வரிசை கட்டும். இருட்டிய பிறகு கையைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு குழந்தை வந்தால், எங்கே விழுந்தது என்று கேட்கும் முன்பே பதில் தெரியும். பார்க். எதிலிருந்து? தொங்குகிற கம்பியிலிருந்து, சறுக்கின் மேல்படியிலிருந்து. கீழே என்ன இருந்தது என்றும் நான் கேட்பேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பெற்றோர் கொஞ்சம் யோசிப்பார்கள். "கல்லு டாக்டர், அந்தக் கலர் கல்லு."

பேவர் பிளாக். நம் மாநகராட்சி, நகராட்சிப் பூங்காக்களில் சிவப்பும் சாம்பலுமாகப் பதிக்கிறார்களே, அதுதான். நடைபாதைக்கு நல்ல கல். எட்டு வடிவ நடைபாதை போடுங்கள், வண்டி நிறுத்துமிடத்துக்குப் போடுங்கள், எனக்கு ஒரு சண்டையும் இல்லை. குழந்தைகள் ஏறி இறங்கும் கருவிகளுக்கு அடியில் போடாதீர்கள் என்றுதான் ஒவ்வொரு வருடமும் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சமீபத்தில் ஒரு ஆறு வயதுப் பெண் குழந்தை. கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முழுசாக விலகி, தோல் குழிந்து, விரல்கள் வெளுத்திருந்தன. மணிக்கட்டில் நாடி தேடித்தான் கிடைத்தது. ஐந்து முதல் ஏழு வயதுக்குள் அதிகம் பார்க்கிற முறிவு இது. உடைந்த எலும்பின் முனை கைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை அழுத்தும், நரம்பையும் தொடும். இரவோடு இரவாக மயக்கம் கொடுத்து எலும்பைப் பொருத்திக் கம்பி செலுத்தினோம். விரல் நுனிகளில் நிறம் திரும்பிய பிறகுதான் எங்களுக்கே மூச்சு வந்தது.

வெளியே தாத்தா உட்கார்ந்திருந்தார். குடியிருப்போர் நலச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். "முன்ன அங்க மணல்தான் டாக்டர் இருந்துச்சு. பூனை, நாய் எல்லாம் அசிங்கம் பண்ணும். அதான் நாங்களே மனு எழுதி, கவுன்சிலரைப் பாத்து, கல்லு போட வெச்சோம்." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஊருக்காக அலைந்த மனிதர். ஆனால் இதே மனுவை எத்தனை சங்கங்கள் எழுதுகின்றன என்று நினைத்தால்தான் இந்தக் கட்டுரையை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே இந்த மணல் விஷயத்தைப் பொறுமையாகப் பேசிவிடுவோம். மணல் அசுத்தமாகும், உண்மை. நாய், பூனைக் கழிவிலிருந்து கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் தோலில் நுழைந்து, கோடு கோடாக அரிக்கும். மண் ஒட்டிய கையை வாயில் வைத்தால் வயிற்றில் புழு வரும். இவற்றை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. வயிற்றுப் புழுவுக்காகவே பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வருடத்துக்கு இரண்டு முறை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். நசுங்கிய நரம்புக்கும், கோணலாகக் கூடிவிட்ட முழங்கைக்கும், தலையில் பட்ட அடிக்கும் அப்படி ஒரு மாத்திரை கிடையாது. அசுத்தத்துக்குப் பயந்து கல்லைப் போடுகிறவர்கள், சின்ன ஆபத்தைக் கொடுத்துப் பெரிய ஆபத்தை வாங்குகிறார்கள்.

மணலைச் சுத்தமாக வைக்க முடியாதா? முடியும். இரவில் வலை போட்டு மூடுங்கள். விளையாட்டுப் பகுதிக்கு மட்டும் தனி வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் சின்னக் கதவு. காலையில் ஒருவர் வாருகோலால் கிளறி, கழிவு, கண்ணாடித் துண்டு, பீர் பாட்டில் மூடி இருந்தால் எடுத்துவிடட்டும். வெளியே வரும் வழியில் ஒரு குழாய், கை கழுவ. இதெல்லாம் பெரிய பொறியியல் இல்லை. பூங்காவைப் பராமரிக்க ஆள் இருக்கிறார், செடிக்குத் தண்ணீர் விடுகிறார். அவருடைய வேலைப் பட்டியலில் இதையும் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "எங்க பார்க்ல கல் இல்லை சார், மண்தரைதான்" என்பார்கள். ஆயிரம் கால் மிதித்து இறுகிய மண்தரை, வெயிலில் சிமென்ட் மாதிரிதான் இருக்கும். புல்லும் அப்படியே. ஊஞ்சலுக்குக் கீழே புல் என்றைக்காவது நின்றிருக்கிறதா? செயற்கைப் புல்லைக் கான்கிரீட் மேல் விரிப்பது கண்ணுக்கு மட்டும்தான் மென்மை. காப்பாற்றுவது உதிரியாகவும் ஆழமாகவும் கிடக்கிற மணல். அதுவும் கழுவிய, உருண்டை மணியுள்ள மணலாக இருக்க வேண்டும். எம்-சாண்ட் கொட்டுகிறார்கள். அது கட்டடத்துக்காக உடைத்த கல். மணிகள் கூர்மை, தூள் அதிகம், ஒரு மழை பெய்தால் கெட்டிப்பட்டுவிடும்.

ஆழம் எவ்வளவு? அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1981-லிருந்து பொது விளையாட்டுத் திடல்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டு, அவ்வப்போது திருத்தி வருகிறது. அதன் கணக்குப்படி, அழுந்திய பிறகு 9 அங்குலம் மணல் இருந்தால் 4 அடி உயர வீழ்ச்சி வரை தாங்கும். அதே 9 அங்குலம் துண்டு துண்டாகக் கிழித்த மரச்சீவல் (வுட் மல்ச்) என்றால் 7 அடி வரை. அழுந்தும் என்பதால் தொடக்கத்திலேயே 12 அங்குலம் நிரப்பச் சொல்கிறார்கள். ஐரோப்பியக் கணக்கு மணலுக்கு இன்னும் கொஞ்சம் தாராளம் காட்டும். குழந்தைகள் விஷயத்தில் நான் கண்டிப்பான கணக்கையே பிடித்துக்கொள்கிறேன்.

இதில் ஒளிந்திருக்கும் சங்கதியைக் கவனியுங்கள். மணல் போட்டுவிட்டால் எத்தனை உயரமும் சரி என்று அர்த்தமில்லை. ஏழடிக் கம்பிக்குக் கீழே மணல் மட்டும் போதாது. அங்கே மரச்சீவல் வேண்டும், அல்லது சோதனை செய்த ரப்பர் தளம் வேண்டும், இல்லையென்றால் கம்பியைத் தாழ்த்த வேண்டும். நான்கு வயதுக் குழந்தைகளும் பத்து வயதுப் பையன்களும் ஒரே கம்பியில் தொங்குகிற நம் பூங்காக்களில் தாழ்வான கருவிகளுக்கே என் ஓட்டு. குழந்தைகள் ஏறக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. ஏறட்டும், தொங்கட்டும், குதிக்கட்டும். எலும்பு உறுதியாவதே அப்படித்தான். விழத்தான் செய்வார்கள். விழுந்தால் அழுதுவிட்டு எழுந்து ஓடும்படியான தரையைக் கொடுப்பது நம் பொறுப்பு.

ரப்பர் தளத்துக்கும் ஒரு எச்சரிக்கை. ஓர் அங்குலம்கூடத் தடிமன் இல்லாத ரப்பர் டைல்ஸைக் கான்கிரீட் மேல் ஒட்டிவிட்டு "சேஃப்டி ஃப்ளோரிங்" என்று பில் போடுகிறார்கள். எத்தனை அடி வீழ்ச்சி வரை இது தாங்கும் என்பதற்குச் சான்று கேளுங்கள். கருவி விற்பவர்கள் இஎன் 1176 என்ற ஐரோப்பியத் தரச் சான்றிதழை நீட்டுவார்கள். அது கருவிக்கு. தரையின் தாங்குதிறனைச் சோதிக்கிற முறை இஎன் 1177. முதல் காகிதத்தைக் காட்டி இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. டெண்டர் எழுதும் பொறியாளர்களே, தயவுசெய்து அந்த இரண்டாவது எண்ணையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். தளத்தின் தடிமனையும் எழுதுங்கள்.

கல்லுக்கு அடுத்தபடி என்னை வருத்துவது பெற்றோரே செய்கிற ஒரு காரியம். ஒன்றரை வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கில் இறங்குவது. பாசத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். தனியாக விட்டால் விழுந்துவிடும் என்ற பயம். ஆனால் இறங்கும்போது குழந்தையின் ரப்பர் செருப்பு சறுக்கின் பக்கவாட்டில் சிக்கிக்கொள்ளும். குழந்தை தனியாக வந்தால் அங்கேயே நின்றுவிடும். மடியில் இருந்தால் உங்கள் அறுபது எழுபது கிலோ எடை அதைக் கீழே இழுத்துப்போகும், கால் அங்கேயே நிற்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறுக்கிக்கொண்டு முறியும். அம்மாமார்கள் எக்ஸ்ரேயைப் பார்த்து அழுவார்கள்: "நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்!" பிடித்திருந்ததால்தான் அம்மா. சின்னச் சறுக்காகப் பார்த்துத் தனியாக விடுங்கள், பக்கத்தில் நில்லுங்கள். அதற்கும் வயது போதாதென்றால் இந்த வருடம் சறுக்கு வேண்டாம்.

இனி வேகமாகச் சொல்கிறேன். மே மாதப் பிற்பகலில் தகரச் சறுக்கில் உட்கார வைக்கும் முன் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஃபைபர் சறுக்கும் சுடும். துப்பட்டா, கழுத்தில் தாயத்துக் கயிறு, கயிறு தொங்கும் தொப்பிச் சட்டை, இவற்றோடு ஏற விடாதீர்கள். எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். ஊஞ்சலில் வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் நின்று ஆடினால் தயங்காமல் இறக்கிவிடுங்கள். சங்கிலியை மாட்டியிருக்கும் எஸ் கொக்கி விரிந்துகொண்டே போய், அடுத்த நாள் ஒரு குழந்தை உட்காரும்போது கழன்றுவிடும். ஊஞ்சலுக்கு இரும்புப் பலகை வேண்டவே வேண்டாம், பின்னால் ஓடிவரும் சின்னக் குழந்தையின் தலை சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கும். ரப்பர் பட்டை இருக்கை போடுங்கள். ஊஞ்சலை மாட்டியிருக்கும் மேல்கம்பியின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் முன்னும் பின்னும் காலியாக இருக்க வேண்டும். நடைபாதை ஓரத்தில் இடம் மிச்சமிருக்கிறது என்று ஊஞ்சலை நடுவது கூடாது.

பூங்காதோறும் இப்போது பெரியவர்களுக்கான திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் வந்துவிட்டன. நல்லதுதான். அவற்றைச் சறுக்குக்குப் பக்கத்திலேயே நட்டுவிடுகிறார்கள். குழந்தைக்கு அதுவும் ராட்டினம்தான். கம்பி மடங்கும் மூட்டில் விரல் நசுங்கி வருகிற குழந்தைகளைப் பார்த்தால் உங்களுக்கும் கோபம் வரும். தள்ளி வையுங்கள், நடுவில் ஒரு செடி வேலியாவது இருக்கட்டும்.

என்னிடம் தொடர்ந்து வரும் குழந்தைகளில் பிறவி மூளைவாதம் உள்ளவர்களும் உண்டு. அவர்களில் பலர் பூங்காவுக்குள் நுழைந்ததே இல்லை. வாசலிலேயே மாடு வராமல் இருக்க வைத்த சுழல் கதவு சக்கர நாற்காலியை நிறுத்திவிடுகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகும் இதுதான் நிலை. மணலில் சக்கரம் புதையும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வாசலிலிருந்து ஒரு கருவி வரைக்குமாவது ரப்பர் தளப் பாதை வேண்டும் என்கிறேன். படுத்தபடி ஆடும் கூடை ஊஞ்சல் ஒன்று இருந்தால் நடக்கிற குழந்தையும் நடக்காத குழந்தையும் சேர்ந்தே ஆடலாம்.

சரி, விழுந்துவிட்டால்? முழங்கை வீங்கியிருந்தால் இழுக்காதீர்கள், நீவாதீர்கள், எண்ணெய் போடாதீர்கள். கை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே ஒரு அட்டையையோ மடித்த செய்தித்தாளையோ கொடுத்து, துணியால் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டிய மூங்கில் கட்டோடு இரண்டு நாள் கழித்து வரும் கைகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே தசை செத்துப் போயிருக்கும். அந்தக் கை அப்புறம் முழுசாகத் திரும்பாது, கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். வாய்க்கு எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம். விரல் வெளுத்தாலோ, சில்லிட்டாலோ, மடக்கி நீட்ட முடியாவிட்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டு வாந்தியோ தூக்கக் கலக்கமோ இருந்தாலும் அதேதான்.

கடைசியாக, அந்தத் தாத்தாவைப் போல் மனு எழுதுகிறவர்களுக்கு. உங்கள் சொல்லுக்கு வார்டில் மதிப்பிருக்கிறது, அதனால்தான் கல் வந்தது. அதே உரிமையில் இப்போது வேறு மனு எழுதுங்கள். "பூங்காவை மேம்படுத்தித் தரவும்" என்று மொட்டையாக எழுதினால் இன்னொரு சறுக்கும் திறப்பு விழாக் கல்வெட்டும்தான் கிடைக்கும். கருவிகளைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடிக்கு, ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் மேலே சொன்ன இரண்டு மடங்கு தூரத்துக்குப் பேவர் பிளாக்கை எடுக்க வேண்டும், 12 அங்குலம் கழுவிய மணல் நிரப்ப வேண்டும், 4 அடிக்கு மேலான கருவிகளுக்குச் சான்றுள்ள ரப்பர் தளம் வேண்டும் என்று அளவோடு எழுதுங்கள். கருவியின் காலில் மணல் மட்டத்துக்கு ஒரு வண்ணக் கோடு போடச் சொல்லுங்கள், கோட்டுக்குக் கீழே மணல் இறங்கினால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். மாதம் ஒரு முறை கொக்கி, நட்டு, வெளியே தெரியும் அடித்தளக் கான்கிரீட் ஆகியவற்றைப் பார்த்துக் கையெழுத்திடும் பதிவேடு கேளுங்கள். நகரமென்றால், வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபாவில் கொடுங்கள். கிராமமென்றால் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் தீர்மானமாகவே வையுங்கள். சென்னையில் இருப்பவர்கள், கொக்கி விரிந்திருப்பதைப் பார்த்த அன்றே 1913-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். சரிசெய்ய ஆள் வரும்வரை அந்த ஊஞ்சலின் சங்கிலியை மேலே சுற்றிக் கட்டிவிடுங்கள்.