வீக்கம் வேறு, அழற்சி வேறு

"உடலின் வீக்கத்தை அடக்கும் மூளை" என்று ஒரு தலைப்பு. உள்ளே போய்ப் படித்தால் யாருக்கும் எங்கும் வீங்கவில்லை. சுண்டெலியின் இரத்தத்தில் சில புரதங்கள் ஏறி இறங்குகின்றன, அவ்வளவுதான். மொழிபெயர்த்தவர் இன்ஃபிளமேஷனை, அதாவது அழற்சியை, வீக்கம் ஆக்கிவிட்டார். ஒருவேளை இன்ஃபிளேஷன் என்று படித்துவிட்டாரோ என்னவோ. பணவீக்கம்தான் தினமும் செய்தியில் வருகிறதே.

லத்தீனில் ஃபிளம்மா என்றால் தீச்சுடர். இன்ஃபிளமேஷன் அதன் வழி வந்தது. தமிழில் அழல் என்றால் தீ. சுழல் சுழற்சி ஆனதுபோல, முயல் முயற்சி ஆனதுபோல, அழல் அழற்சி ஆயிற்று. சித்த மருத்துவம் பித்தத்தை அழல் என்கிறதே, அதுவா இது என்று கேட்பார்கள். வேர் ஒன்று, பொருள் வேறு.

இனி வீக்கத்துக்கு வருவோம். 1ஆம் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற ரோமானியர் அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. நான்கில் ஒன்றை எடுத்து முழுமைக்கும் பெயராக வைப்பது, காய்ச்சலுக்கு வியர்வை என்று பெயர் வைப்பதுபோல. கிருமியையோ காயத்தையோ எதிர்த்து உடல் நடத்தும் தற்காப்பு வேலைதான் அழற்சி. அது வெளியே தெரியாமலே வருடக்கணக்கில் நடக்கலாம். இதயத் தமனியின் சுவரில் கொழுப்பு படிவதோடு சேர்ந்து நடப்பதும் அழற்சிதான். அங்கே கையால் தொட்டுப் பார்க்க வீக்கம் ஏது?

அதைவிடப் பெரிய தொல்லை, வீக்கம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. கல்லீரல் வீக்கம் என்றால் கல்லீரல் பெருத்திருக்கிறது. கல்லீரல் அழற்சி என்றால் ஹெபடைடிஸ். இரத்தக்குழாய் வீக்கம் என்றால் குழாய் பலூன்போலப் புடைத்து, வெடிக்கும் அபாயத்தில் இருக்கிறது. இரத்தக்குழாய் அழற்சி வேறு நோய். நரம்பு வீக்கம் என்று எழுதினால் வாசகர் குனிந்து தன் கெண்டைக்காலைத்தான் பார்ப்பார், ஏனென்றால் இரத்தம் ஓடும் சிரையும் பேச்சில் நரம்புதான்.

இந்தக் குழப்பத்தில் அடிபடுவது ஒரு நல்ல ஆராய்ச்சி. நியூயார்க்கைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் கெவின் ட்ரேசியும் குழுவினரும் பாக்டீரியா நச்சு செலுத்திய எலிகளின் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினார்கள். மூளைத்தண்டிலிருந்து வயிறு வரை ஓடும் நரம்பு அது. தூண்டியதும் கல்லீரலில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் உருவாவது குறைந்தது. ஆய்வு வெளியானது 2000இல். நோய் எதிர்ப்பு மண்டலம் தன்பாட்டுக்கு இயங்குகிறது என்று நினைத்திருந்தவர்களுக்கு, அதன் கடிவாளம் ஒன்று நரம்பின் கையில் இருப்பது தெரிந்தது. 2024இல் நரம்பியல் ஆய்வாளர் சார்லஸ் சூக்கரின் குழு, சுண்டெலியின் மூளைத்தண்டில் அந்தக் கடிவாளத்துக்குரிய நரம்பணுக்களைக் காட்டியது: அவற்றை முடக்கினால் அழற்சி கட்டுமீறுகிறது, தூண்டினால் தணிகிறது. தணிவதும் கட்டுமீறுவதும் தீயின் வினைகள். அழற்சி என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் தானாக உட்காரும்.

ட்ரேசி 2002இல் இந்த நரம்புச் சுற்றுக்கு வைத்த பெயர் இன்ஃபிளமேட்டரி ரிஃப்ளெக்ஸ். அதை 'வீக்கப் பிரதிபலிப்பு' என்று மொழிபெயர்த்ததையும் பார்த்தாயிற்று. முகம் வீங்கியவர் கண்ணாடி பார்ப்பதுபோல இருக்கிறது! சூடு பட்டதும் கையை இழுக்கிறோமே, அந்த அனிச்சைச் செயல்தான் ரிஃப்ளெக்ஸ், பள்ளிப் பாடத்திலேயே உண்டு. 'அழற்சி அனிச்சை' என்றால் முடிந்தது. அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவர்களுக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது?

"அழற்சி மக்களுக்குப் புரியாது" என்பார்கள். சரி, வீக்கம் புரிந்ததா? என் அத்தைக்கு முடக்குவாதம். மருந்து கொடுத்தவர் "இது வீக்கத்துக்கு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான்கு மாதத்தில் விரல் வீக்கம் வடிந்தது, அத்தை மாத்திரையை நிறுத்திவிட்டார். மூட்டுக்குள் அழற்சி அடங்கவில்லை என்பது அடுத்த பரிசோதனையில்தான் தெரிந்தது. ஏன் அத்தை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"வீக்கம்தான் வத்திப்போச்சே, அப்புறம் எதுக்கு மாத்திரை?"