தேங்காய் எண்ணெய் உறையும் ஊரில் குசினியைக் கழுவுவது எப்படி?

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் தண்ணீர் இறங்காமல் நிற்கிற சிங்க் குழாயைக் கழற்றிப் பாருங்கள். சோற்றுப் பருக்கையைவிட, வெள்ளையாக உறைந்துபோன தேங்காய் எண்ணெய்தான் கூடுதலாக இருக்கும். ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே போனால் அது கட்டியாகிவிடும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகையை ஒட்டியது. கொழும்பில் குழாயோடு ஓடிப்போகிற எண்ணெய் இங்கே குழாய்க்குள்ளேயே தங்கிவிடுகிறது. மலைநாட்டுக் குசினியில் பாதி அழுக்கு குளிரால் வருவது, மீதி ஈரலிப்பால் வருவது. பச்சைத்தண்ணீரில் எவ்வளவு சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் இரண்டும் அசையாது.

சிங்க்குக்குக் கீழே வாளி வைத்து, வளைவுக் குழாயின் திருகைக் கையாலேயே கழற்றுங்கள். கட்டியை ஒரு குச்சியால் வழித்துக் கடதாசியில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கானில் தள்ளினால் அடுத்த வீட்டு வாசலில் போய் உறையும். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அப்போதே மாற்றிவிட வேண்டும். பூட்டிய பிறகு கொதிநீரும் பச்சைத்தண்ணீரும் சம அளவு கலந்து, 5 லீற்றருக்கு 3 மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். கலவை 55 பாகை அளவில் இருக்கும், கொழுப்பு இளக அது போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பி.வி.சி. குழாய் இளகி மூட்டில் கசியத் தொடங்கும். இந்தச் சோடாத் தண்ணீரை அலுமினியச் சட்டியில் மட்டும் ஊற்றாதீர்கள், கறுத்துப்போகும். எண்ணெய்ச் சட்டியைக் கழுவுமுன் பழைய பத்திரிகைத் தாளால் துடைத்துவிடுகிற வீட்டில் இந்த வேலையே அபூர்வம்.

விறகடுப்பு இருக்கிற குசினியில் வேலை கூரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். தேயிலை மிலாறு (கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) ஈரமாக எரிந்தால் புகையோடு தாரும் கிளம்பிச் சுவரில் பிசினாக ஒட்டும். சிம்னிக்குள் அது தடித்துக் கிடந்தால் ஒருநாள் தீப்பிடிக்கவும் கூடும். அடுப்பை ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு, அடுப்பு வாயை ஈரச்சாக்கால் மூடி, மூக்கைக் கட்டிக்கொண்டு நீளத் தடியில் கட்டிய தூரிகையால் கீழிருந்தே உரசுங்கள். மழையில் நனைந்த தகரத்தில் ஏறுவது வேண்டாம். உதிர்கிற கரியை முதலில் காய்ந்தபடியே வழித்தெடுத்த பிறகுதான் சுவரில் தண்ணீர் பட வேண்டும். முதலிலேயே நனைத்தால் கரி கரைந்து சீமெந்துக்குள் இறங்கிவிடும். சுவரைக் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து வழிகிற கறுப்புத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு விழுந்தால் அந்தக் கோடு போவது கஷ்டம்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. கூரை அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் உரசவோ, காய்ந்த தும்புத்தடியால் கூட்டவோ கூடாது. கண்ணுக்குத் தெரியாத நார்கள் கிளம்பி நுரையீரலில் தங்கிவிடும். தொங்குகிற ஒட்டறையை ஈரத்துணி சுற்றிய தடியால் ஒற்றி எடுத்தால் போதும், கறுப்பு அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

பூஞ்சணத்துக்கு ப்ளீச் ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் எண்ணெய்ப் படலத்தின் மேலேயே ஊற்றுகிறார்கள். கொழுப்புக்குக் கீழே ப்ளீச் போய்ச்சேராது. முதலில் சவர்க்காரத்தால் கழுவி, அலசி, பிறகு 5 வீத ப்ளீச்சில் 20 மில்லிலீற்றரை எடுத்துத் தண்ணீர் சேர்த்து 1 லீற்றராக்கிப் பூசுங்கள். பச்சைத்தண்ணீர்தான் சேர்க்க வேண்டும், சூட்டில் ப்ளீச் சிதைந்துவிடும். 10 நிமிடம் ஈரமாகவே விட்டு அலசுங்கள். அதோடு வினாகிரியோ தேசிக்காயோ கழிவறை அசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். குளிருக்காக ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிற சின்னக் குசினியில் அது உயிராபத்து.

தீபாவளிக்கு முன் கழுவிப் பெயின்ட் அடிப்பது நம் வழக்கம். ஆனால் ஐப்பசி மழையில் சுவர் காயாது. ஈரச்சுவரில் அடித்த பெயின்ட் கொப்பளிக்கும், உள்ளே பூஞ்சணம் மறுபடி எழும். சரியாகக் கழுவாத கரியோ பழுப்பாக மேலே ஊறிவரும். பெரிய வேலையை மழை குறைந்த பெப்ரவரி, மார்ச்சுக்கு வைத்துக்கொண்டு பண்டிகைக்குத் தட்டு, அலமாரியைத் துடைத்தால் போதும். அலமாரியைச் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி வையுங்கள். பின்னால் எலிப்புழுக்கை இருந்தால் காய்ந்தபடி கூட்டாமல், ப்ளீச் தண்ணீரால் நனைத்துக் கையுறையோடு அள்ளுங்கள்.

கேஸ் அடுப்பில் சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பருப்பு பொங்கி பேர்னர் துளைகள் அடைத்திருக்கும். ஊசியால் குத்திக் கழுவி, முழுக்கக் காய்ந்த பின்பே மாட்டுங்கள். சிலிண்டரை நகர்த்தித் தரையைக் கழுவிய பிறகு ரெகுலேட்டர் மூட்டிலும் குழாயிலும் சவர்க்கார நுரை தடவிப் பார்க்க வேண்டும். குமிழ் வந்தால் வால்வை மூடிவிடுங்கள். அந்த வாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு படுத்துக்கிடக்கும். அதனால் ஜன்னலோடு கதவையும் அகலத் திறந்து வைத்து, லைட் சுவிட்சைத் தொடாமல் வெளியேறுங்கள்.