வாலில் உட்கார்ந்த ஜெட்

மூன்று வாரம் மெனக்கெட்டு ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசிய விமானத்தை மேசைமேல் வைத்தேன். மூன்று சக்கரமும் ஒரு நொடி ஊன்றி நின்றன. அடுத்த நொடி ‘டக்’கென்று வால் கீழே இறங்க, மூக்கு கூரையைப் பார்த்தது. மாடல் கட்டுகிற எல்லோருக்கும் ஒருமுறையாவது நேர்கிற அவமானம் இது. அதன் காரணத்தைத் தேடப் போனதில்தான், இந்தப் பொழுதுபோக்கே இயற்பியலோடு நடக்கிற ஓயாத பேரம் என்று எனக்குப் புரிந்தது.

விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் மீ 262. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி களமிறக்கிய ஜெட். சண்டைக்குப் போன முதல் ஜெட் போர் விமானம். அசலின் நீளம் 10.6 மீட்டர், இறக்கையின் அகலம் ஏறத்தாழ 12.6 மீட்டர். 48-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 22 செ.மீ. நீளம், 26 செ.மீ. அகலம். சாப்பாட்டுத் தட்டு அளவுதான்.

நீளம் 48 மடங்கு குறைந்தால் எடை எத்தனை மடங்கு குறைய வேண்டும்? நீளம், அகலம், உயரம் மூன்றுமே சுருங்குவதால் 48-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும்: 1,10,592 மடங்கு. எரிபொருளும் குண்டுகளுமாகப் பறக்கத் தயாராக நிற்கும் மீ 262-இன் எடை சுமார் 6,400 கிலோ. அதை வகுத்தால் 58 கிராம். ஒரு கோழிமுட்டையின் எடை! பிளாஸ்டிக் மாடலும் கிட்டத்தட்ட அந்த ரகத்தில்தான் வரும். சிக்கல் எடை எவ்வளவு என்பதில் இல்லை, எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. அசலின் மூக்குக்குள் நான்கு 30 மி.மீ. பீரங்கிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 கிலோ. அவற்றுக்கான குண்டுகள் வேறு. மாடலின் மூக்குக்குள் காற்றுதான் இருக்கிறது. பிளாஸ்டிக்கின் எடையெல்லாம் தோலில். இறக்கையும் வாலும் பின்னால் நீண்டு கிடப்பதால் பாரம் பின்சக்கரங்களைத் தாண்டிப் போய்விடுகிறது.

தீர்வு, பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசா பலகை. பின்சக்கரங்கள்தான் நடுக்கட்டை. சக்கரத்துக்கு 4 செ.மீ. பின்னால் 12 கிராம் கூடுதலாக அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் 8 செ.மீ. தள்ளி, மூக்கின் நுனியில் 6 கிராம் வைத்தால் சமன். அதையே விமானியின் காலடியில், 2 செ.மீ. தூரத்தில் வைத்தால் 24 கிராம் வேண்டும். எனவே பாரத்தை எவ்வளவு முன்னால் திணிக்க முடியுமோ அவ்வளவு நல்லது. தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டு இதற்கு வாகானது: கொஞ்ச இடத்தில் நிறைய எடை. ஒரே ஒரு எச்சரிக்கை. ஈயத்தை வெள்ளை மரப்பசை ஊற்றி ஒட்டாதீர்கள். மூடிய கூட்டுக்குள் அந்தப் பசை விடும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்ணிற கார்பனேட்டாக மாற்றும். அது ஊதிப் பெருக்கும். சில வருடம் கழித்து மூக்கு தானாகப் பிளக்கும்.

சொல்லப்போனால், அசல் விமானமும் தொடக்கத்தில் வாலில்தான் உட்கார்ந்திருந்தது. 1942 ஜூலை 18 அன்று ஜெர்மனியின் லைப்ஹைம் விமானத்தளத்தில் சோதனை விமானி ஃப்ரிட்ஸ் வெண்டல் முதன்முறையாக ஜெட் எஞ்சின்களை மட்டும் நம்பி அதை ஓட்டியபோது, அதற்கு வாலில்தான் மூன்றாவது சக்கரம். வால் தாழ்ந்திருந்ததால் வால்பகுதிச் சிறகுகளுக்குப் போக வேண்டிய காற்றை இறக்கை மறைத்தது. முன்னால் சுழல்விசிறி இருந்தால் அது தள்ளும் காற்றாவது வாலுக்குப் போய்ச் சேரும். ஜெட்டில் அதுவும் இல்லை. சுக்கானை எவ்வளவு தள்ளினாலும் வால் எழும்பவில்லை. ஆகவே மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் ஓடும்போது வெண்டல் பிரேக்கை லேசாக ஒரு தட்டுத் தட்டினார். விமானம் முன்னால் குனிந்தது, வால் தூக்கியது, காற்று கிடைத்தது, பறந்தார். ஓட்டத்தின் நடுவில் பிரேக் போட்டுப் பறக்கத் தொடங்கிய மனிதர்! மூக்குச் சக்கரம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

இனி ஒட்டுவதற்கு வருவோம். கிட்டில், அதாவது கடையில் வாங்கும் மாடல் பெட்டியில், வருவது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். மாடல் கடையில் விற்கும் திரவப் பசையைப் பசை என்று சொல்வதே தப்பு. அது கரைப்பான். இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து, விளிம்பில் தூரிகையால் தொட்டால் போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, இடுக்கு முழுவதும் அது தானே ஓடிப் பரவும். இருபக்கப் பிளாஸ்டிக்கும் இளகி, அவற்றின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானதும் நடுவில் பசை என்று எதுவும் மிஞ்சாது. இது உலோகத்தை வெல்டிங் செய்வது மாதிரி.

இதில் அவசரக்காரர்களுக்கு ஒரு பொறி உண்டு. தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே கரைப்பான் இன்னும் இருக்கும். அதற்குள் உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்திவிட்டால், மிச்சக் கரைப்பான் மெல்ல வெளியேறி, ஒட்டிய இடம் ஒரு வாரத்தில் பள்ளமாக இறங்கும். வண்ணம் பூசிய பிறகு முதுகில் பேய்க்கோடு மாதிரி அது தெரியும். இரண்டு நாளாவது விடுங்கள். நான் விட்டதில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

இடைவெளி விழுந்த இடங்களில் புட்டி, அதாவது இடுக்கை அடைக்கும் களிம்பு, தடவித் தேய்க்க வேண்டும். இந்த விமானத்துக்கு இது இரட்டைப் பொருத்தம், ஏனென்றால் தொழிற்சாலையிலும் தகடுகளின் இணைப்புகளில் புட்டி தடவித்தான் வழவழப்பாக்கினார்கள். வண்ணம் பூசாத உடற்பகுதிகளின் படங்களில் அந்தப் பட்டைகள் பளிச்சென்று தெரியும். அவற்றைச் செய்த கைகளையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரியாவில், சாங்க்ட் கியோர்கன் ஊரின் நிலத்தடிச் சுரங்கங்களில் மீ 262-இன் உடற்பகுதிகளைச் செய்ய வைக்கப்பட்டவர்கள் குசென் வதைமுகாமின் கைதிகள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அழகான விமானம் என்று இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது தொண்டையில் நிற்கும்.

அந்தப் புட்டியால் இன்னொரு கேள்வியும் வருகிறது. கிட்டின் மேற்பரப்பில் தகட்டு இணைப்புகளைக் கோடுகளாகக் கீறியிருப்பார்கள். கோட்டின் அகலம் 0.2 மி.மீ. என்றால் அசல் அளவில் கிட்டத்தட்ட 1 செ.மீ.! விரலே நுழையும் இடுக்கோடு எந்த விமானமும் மணிக்கு 870 கி.மீ. வேகத்தில் பறக்காது. ஆனாலும் கோடு வேண்டியிருக்கிறது. அதற்கும் குறைவாகக் கீறினால் வண்ணம் அடைத்துவிடும். மெல்லிய பூச்சே 20 மைக்ரான் (0.02 மி.மீ.) வரும்; 48-ஆல் பெருக்கினால் 1 மி.மீ. தடிமன். அசல் விமானத்தில் அப்படிப் பூசினால் அது பெயின்ட் இல்லை, கவசம். பலர் இந்தக் கோடுகளில் கறுப்பு மையை ஓடவிட்டு எடுத்துக் காட்டுவார்கள். மை ஓடுவதும் திரியில் எண்ணெய் ஏறும் அதே கதைதான், பார்க்க அலாதி. ஆனால் புட்டி பூசி மூடிய இந்த விமானத்தின் முன்பாதியில் அதைச் செய்வது, இல்லாத காயத்துக்குக் கட்டுப் போடுவது மாதிரி. திறந்து மூடும் கதவுகளைச் சுற்றி மட்டும், அதுவும் சாம்பல் நிறத்தில், என்பது என் கட்சி.

வண்ணத்தில் நீண்டநாள் வாக்குவாதம் ஒன்று இருக்கிறது. அசல் நிறத்தையே பூசினால் மாடல் இருண்டு தெரியும், கொஞ்சம் வெள்ளை கலந்து வெளிறச் செய்ய வேண்டும் என்பார்கள். தூரத்து மலை வெளிறித் தெரிவது போல, நடுவிலுள்ள காற்றுதான் காரணம் என்று விளக்கமும் சொல்வார்கள். அரை மீட்டரில் வைத்து மாடலைப் பார்ப்பது அசலை 24 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். 24 மீட்டர் காற்று ஒரு நிறத்தை என்ன செய்துவிடும்? தெருவின் எதிர்ப்பக்க வீடு வெளிறியா தெரிகிறது? மெய்யான காரணம் வெளிச்சம் என்றே நினைக்கிறேன். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரும். வீட்டு விளக்கடியில் சில நூறு லக்ஸ்தான். வெளிச்சம் குறையக் குறைய நிறங்கள் நம் கண்ணுக்கு மங்கி, இருண்டு தெரியும். மாடலுக்குச் சூரியனைச் சுருக்கித் தர முடியாததால், அந்தக் குறையைப் பெயின்ட்டில் ஈடுகட்டுகிறோம்.

எஞ்சின் வாயில்தான் எனக்கு மிகப் பிடித்த வேலை. இந்த விமானத்தின் ஜெட் எஞ்சினான யூமோ 004-இன் முன்கூம்புக்குள் ஒரு குட்டி இருசக்கர வண்டி எஞ்சின் மாதிரி, இரண்டு சிலிண்டர் ரீடல் ஸ்டார்ட்டர் ஒளிந்திருந்தது. ஜெட்டைச் சுழற்றித் தொடங்கிவைப்பது அதன் வேலை. மின்சாரத்தில் அது கிளம்பாவிட்டால் கையால் இழுக்க, கூம்பின் நுனியில் ஒரு வளையம் தொங்கும். ஜெட் விமானத்தை ஜெனரேட்டர் மாதிரி கயிறிழுத்துக் கிளப்பலாம் என்றால் யார் நம்புவார்கள்? பழைய சார்ஜர் வயரைச் சீவி, ஒரு செம்பு இழையை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றி வெட்டினால் அந்த வளையம் கிடைத்துவிடும். சாமணத்திலிருந்து அது தெறித்துப் போனால் தேட வேண்டாம், இன்னொன்று செய்வதுதான் சுலபம்.

பின்பக்கம், புகைபோக்கியில் நீலமும் ஊதாவுமாகப் பூசும் வழக்கம் உண்டு. வெறும் எஃகு 300 டிகிரி சுமாருக்குச் சூடேறினால், மேலே படியும் மிக மெல்லிய ஆக்சைடு ஏட்டில் ஒளி பட்டு, எண்ணெய்ப் படலத்தில் போல நிறம் காட்டும், அது சரி. ஆனால் இந்த எஞ்சினின் வெப்பப் பகுதிகள் நிக்கலும் குரோமியமும் கிடைக்காத பஞ்சத்தில், சாதா எஃகில் அலுமினியம் பூசிச் செய்தவை. 10 முதல் 25 மணி நேரம்தான் ஆயுள். அங்கே வானவில்லுக்கு வேலையில்லை. கருகிய பழுப்பும் புகைச் சாம்பலும் போதும். எஞ்சினை அடிக்கடி கழற்றி மாட்டியதால் அதன் மூடிகள் விமானத்தின் நிறத்தோடு ஒத்துப்போகாமல் இருப்பதும் உண்டு. ஒரு பக்க மூடியை வேறு பச்சையில் விட்டுவிடுங்கள்.

கடைசியில் விமானியின் இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி. சூப்பர் க்ளூ தொட்டு ஒட்டினேன். காலையில் பார்த்தால் உள்ளே பனி படர்ந்தது மாதிரி வெள்ளை. அந்த வெள்ளைக்குள், கோடு கோடாக, என் கட்டைவிரல் ரேகை! அந்தப் பசையின் ஆவி, ஈரம் கண்ட இடத்தில் பிடித்து இறுகும் இயல்புள்ளது. ரேகையின் வியர்வைக் கோடுகளில் முதலில் பிடிக்கிறது. போலீஸ் ஆய்வகங்களில் கைரேகை எடுக்க இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான் என்னையே பிடித்துக் கொடுத்திருந்தேன். கண்ணாடிக்குத்தான் வெள்ளைப்பசை, ஈயத்துக்கு ஆகாதது இங்கே ஆகும்.

எல்லாம் முடிந்து, மூக்கில் 6 கிராமுக்குப் பதில் 10 கிராம் அடைத்து மேசையில் வைத்தும், அது பொம்மையாகவே தெரியலாம். குறை பெரும்பாலும் பார்க்கிற கண்ணில். இந்த விமானத்தின் கணக்குப்படி நீங்கள் 80 மீட்டர் உயர அரக்கர். கண்களுக்கு நடுவே 3 மீட்டர் இடைவெளி, கண்மணியின் அகலம் 14 செ.மீ. அவ்வளவு பெரிய துளையில் பார்த்தால் மூக்கு தெளிவாகும்போது வால் மங்கும். ஒரு அட்டையில் குண்டூசியால் துளை போடுங்கள். நல்ல வெளிச்சத்தில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேசை மட்டத்துக்குக் குனிந்து, துளை வழியாக எஞ்சின் வாய்க்கு நேர் எதிரே பாருங்கள். ஓடுதளத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கின் உயரத்தில் இருப்பீர்கள். அந்தச் செம்பு வளையம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தொங்கும்.